நிற்க மறுத்த கோப்பைகள்

ஊதுகுழலை வாயில் வைத்திருப்பவனிடம் எதைக் கேட்டாலும் "ம்" என்றுதான் பதில் வரும். எங்கள் துறைமுக ஊரான ஆக்விலேயாவில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். குழலின் மறுமுனையில் கண்ணாடிக் குழம்பு செக்கச்செவேல் என்று தொங்கிக்கொண்டிருக்கும்போது அவன் வாயைத் திறந்தால் உருண்டை சுருங்கிப்போகும். சுழற்றுவதை நிறுத்தினால் தரையில் ஒழுகிவிடும். ஆகவே மூக்கு வழியாக ஒரு "ம்". அதற்குச் சரி என்று பொருளா, முடியாது என்று பொருளா, போய்த் தொலை என்று பொருளா என்பதைக் கேட்பவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். முர்ரானுஸின் வாழ்க்கை முழுவதையும் அப்படி அடுத்தவர்கள்தான் முடிவு செய்தார்கள்.

முதல் "ம்" அவனுடைய எஜமானரிடம் சொன்னது. அப்போது அவன் அடிமை. எஜமானர் தாடி கருகிய கிழவர், பிள்ளை குட்டி இல்லாதவர். ஒருநாள் அவன் ஊதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "டேய், எனக்கப்புறம் உனக்கு விடுதலை. ஆனா ஓடிடக் கூடாது, இந்தப் பட்டறைய நீதான் நடத்தணும், சம்மதமா?" என்று கேட்டார். முர்ரானுஸுக்கு நாத்திஸோ ஆற்றில் படகு ஓட்ட வேண்டும் என்று ஆசை. கண்ணாடி என்றாலே அவனுக்கு இருமல் வரும். அன்றைக்குப் பார்த்துக் கன்னம் நிறையக் காற்று. "ம்" என்றான். கிழவர் கண் கலங்கி, நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கிழவர் போன பிறகு அவன் கைக்கு வந்தது ஓர் உலை, ஒரு குழல், ஒரே ஒரு கல் அச்சு. அந்த அச்சில் வருவது நாலு பக்கமும் சப்பையான, அகல வாய் வைத்த ஜாடி. அதைத் தவிர வேறு எதையும் அவன் ஊதியதில்லை, ஊதிப் பார்க்கவும் தோன்றவில்லை. உலையை ஒட்டிய பலகையில் அந்த ஜாடிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி வைப்பான். ஊரில் ஆலிவ் ஊறப்போடுவதும் அந்த ஜாடியில்தான், பயறு கொட்டி வைப்பதும் அதில்தான், வைத்தியர் அட்டைப்பூச்சி வளர்ப்பதும் அதில்தான். யாராவது செத்தால் எரித்த சாம்பலை அள்ளிப் போடுவதும் அதே ஜாடியில்தான். எங்கள் ஊரில் முதலில் ஊறுகாய் உள்ளே போகும், பிறகு ஊறுகாய் தின்றவர் போவார்.

சால்வில்லா வந்ததும் ஜாடி வாங்கத்தான். துறைமுகத்தில் பன்றிக் கறியைக் குடலில் அடைத்து, கம்பியில் கோத்துத் தொத்தலாகச் சுட்டு விற்றுக்கொண்டிருந்தவள் அவள். நல்ல உயரம், நல்ல குரல், கப்பல்காரர்களே வழி விட்டு ஒதுங்குவார்கள். ஜாடியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தவள், அவனையும் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாள்.

"யோவ், உனக்குப் பொண்டாட்டி இருக்காளா?"

இல்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

"இந்த ஜாடி கோணல் இல்லாம இருக்கு. ஊதுன ஆளும் அப்படித்தான் இருப்பான்னு தோணுது. என்னைக் கட்டிக்கிறியா?"

"ம்."

அவன் ஜாடியைக் குழல் முனையிலிருந்து தட்டி எடுத்து, வியர்வையைத் துடைத்து, திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் தெருமுனை வரை போய்ச் செய்தி சொல்லி முடித்துவிட்டாள். அதற்காக முர்ரானுஸ் ஒரு நாளும் வருந்தியதில்லை. வாயில் குழல் இல்லாமல் இருந்திருந்தாலும் அவன் அதையேதான் சொல்லியிருப்பான். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவும் அவனால் முடியாது.

வருத்தமெல்லாம் அடுத்த "ம்"முக்குத்தான்.

"என் தம்பி நாலு நாள் தங்கிட்டுப் போகட்டுமாய்யா?"

"ம்."

அந்த நாலு நாள் முடிவதற்குள் சால்வில்லாவின் தலையில் நரை விழுந்துவிட்டது. தம்பி பெயர் விட்டாலியோ. அழகன், சுருட்டை முடிக்காரன், சிரித்த முகம். வந்த அன்றைக்கே உலைக்குப் பக்கத்திலிருந்த மரப் பலகையைத் தேர்ந்தெடுத்துப் படுத்தான். குளிர் அவனுக்கு ஆகாதாம். படுத்தபடியே மாமனுக்கு வேலை சொல்வான். "மாமா, இன்னும் கொஞ்சம் ஊது. இடது பக்கம் சோகமா இருக்கு பாரு." சாப்பாட்டு வேளை வந்தால் மட்டும் கையை நீட்டுவான். "மாமா, கொஞ்சம் கை குடு."

முர்ரானுஸ் குழலை வைத்துவிட்டுப் போய், அந்தக் கையைப் பிடித்து, கனத்த உடம்பை இழுத்து நிறுத்துவான். "உன்னைத் தாங்கிப் பிடிக்கத்தான் என்னைப் பெத்தாங்களாடா?"

"வேற எதுக்கு மாமா?" என்று அவன் உண்மையாகவே வியந்து கேட்பான்.

சால்வில்லாவிடம் முறையிட்டுப் பயனில்லை. தாய் சதுப்புக் காய்ச்சலில் போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். இடுப்பில் அவனையும் கையில் தொத்தல் கம்பியையும் வைத்துக்கொண்டு துறைமுகம் முழுக்க நடந்தவள். கீழே விட்டால்தானே பிள்ளை நடக்கும் என்று கண்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவள் விடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஓடும் வயதில்தான் அவன் முதல் அடி எடுத்து வைத்தான். அதுவும் பிடிக்கவில்லை என்று உடனே உட்கார்ந்துவிட்டான்.

ஜாடி தவிர முர்ரானுஸ் தன் கையால் செய்த ஒரே பொருள் கட்டம் போட்டு ஆடும் விளையாட்டுக்கான ஒரு காய். எகிப்துக் கப்பல்காரன் ஒருவன் ஜாடிக்குப் பதிலாக ஒரு நீலக் கண்ணாடித் துணுக்கைக் கொடுத்துவிட்டுப் போனான். மயில் கழுத்து நிறம், எங்கள் ஊரில் யாரும் பார்த்திராதது. "தம்பிக்கு ஒரு காய் பண்ணித் தாய்யா" என்று சால்வில்லா கேட்டாள். கேட்ட நேரம் அவன் ஊதிக்கொண்டிருந்தான். அந்தக் காயை வைத்து ஆடினால் தோற்கவே மாட்டேன் என்பான் விட்டாலியோ. தோற்பான். காயின் மேல் தப்பில்லை என்பான்.

அவன் செத்ததும் படுத்தபடிதான். மத்தியானம் கண்ணை மூடியவன் எழுந்திருக்கவில்லை. அது வழக்கம்தானே என்று எல்லாரும் அவனைச் சுற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். வாடிக்கைக்காரர் ஒருவர் அவனிடம் வெகுநேரம் கதை பேசிவிட்டு, "இன்னிக்கு என்ன, ரொம்பப் பொறுமையா கேட்டுக்கறான்" என்று பாராட்டிவிட்டுக்கூடப் போனார். சாயங்காலம் சால்வில்லா பயற்றுக் கூழும் தொத்தலும் வைத்துக் கூப்பிட்டாள். தொத்தல் வாசனைக்கும் கை நீளவில்லை. அப்போதுதான் அவள் கையிலிருந்த சட்டி விழுந்தது.

முர்ரானுஸ் போய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தான். உலைக்குப் பக்கத்தில் இருந்ததால் அது இன்னும் சூடாகத்தான் இருந்தது. அவன் அதை உடனே விடவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் தெருவில் எல்லாரும் சாவுச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறோம். மாதா மாதம் ஏதோ கட்டினால் செத்த பிறகு விறகும் குழியும் விருந்தும் சங்கத்தின் பொறுப்பு. தலைவர் மொந்தானுஸ், மீன் சாறு வியாபாரி, கஞ்சன். மற்ற சங்கங்களில் அடக்கம் ஒரு நாள், விருந்து ஒரு நாள். மொந்தானுஸ் இரண்டையும் சேர்த்து ஒன்பதாம் நாளில் வைத்துவிட்டார். அதுவரை சாம்பல் வீட்டில் இருக்கும். விட்டாலியோவுக்கு மட்டும் விறகு நல்ல காய்ந்த விறகாக அமைந்துவிட்டது. எரிந்து முடிந்தபோது எலும்பே தெரியாமல் வெள்ளைப் பொடியாகிவிட்டான். சால்வில்லா அதைத் தானே அள்ளி, மாமனின் ஜாடி ஒன்றில் போட்டு, நடுவில் அந்த நீலக் காயைப் புதைத்து மூடினாள்.

இரண்டு நாள் கழித்து மொந்தானுஸ் பட்டறைக்கு வந்தார். முர்ரானுஸ் ஊதிக்கொண்டிருந்தான். நல்ல நேரம் பார்த்துத்தான் அவர் வருவார்.

"முர்ரானு, விருந்துக்கு மண் கோப்பை வேண்டாம்னு பாக்கறேன். பணக்காரன் வீட்டுல இருக்கே, தண்ணி மாதிரி தெளிஞ்ச கண்ணாடி, அந்த மாதிரிக் கோப்பை பண்ணிக் குடு. உன் மச்சினன் சாவுதானே, சங்கத்துக்கு இனாமா இருக்கட்டும். சரியா?"

"ம்."

அவர் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கோப்பை என்று ஒன்றை அவன் வாழ்நாளில் ஊதியதில்லை. போதாக்குறைக்கு எங்கள் ஊர்க் கண்ணாடி பச்சை ஓடியது. அதைத் தெளிய வைக்க ஒரு வெள்ளைப் பொடி உண்டு. கிழவர் காலத்தில் வாங்கியது, உலைக்கு மேலிருந்த பலகையில், வேறெதில் இருக்கப்போகிறது, அவனுடைய ஜாடியில்தான் இருந்தது.

மறுநாள் அவன் சோதனையாக முதல் உருண்டையை ஊதிக்கொண்டிருந்தபோது சால்வில்லா உள்ளே வந்தாள்.

"யோவ், வீட்டுக்குள்ள ஈரக் காத்து அடிக்குது. தம்பிக்குக் குளிர் தாங்காது. உலைக்கு மேல பலகையில வைக்கறேன். பாத்துக்க."

"ம்."

வைத்தாள். தலையைத் தடவுவதுபோல மூடியைத் தடவிவிட்டுப் போனாள்.

முர்ரானுஸ் மூசை என்கிற உருக்கு மண்கிண்ணத்தில் கண்ணாடி உடைசலைப் போட்டு உருக்கினான். கையை நீட்டிப் பலகையிலிருந்து ஜாடியை எடுத்தான். ஒரு கரண்டி போட்டான். பச்சை போகவில்லை. இன்னொரு கரண்டி. அப்போதும் போகவில்லை. பழைய பொடி, வீரியம் குறைந்திருக்கும் என்று நினைத்து மூன்றாவது கரண்டியும் போட்டான். குழம்பு கலங்கியதே ஒழியத் தெளியவில்லை. கோபம் வந்துவிட்டது. "இருந்தாலும் ஒண்ணுதான், இல்லைன்னாலும் ஒண்ணுதான், உருப்படாத பொடி!" என்று திட்டியபடி ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தான். கடைசியில் ஏதோ ஒன்று டொக்கென்று விழுந்தது. கட்டி தட்டிய பொடியாக இருக்கும் என்று அதையும் கலக்கிவிட்டான்.

அன்றைக்கு அந்தக் கண்ணாடி படுத்திய பாட்டை அவன் மறக்கவே இல்லை. குழலில் சுருட்டி எடுத்தால் கனத்தது. ஊதினால் உப்பவில்லை. கன்னம் கிழிய ஊதினான், காது அடைத்தது, கண்ணில் பூச்சி பறந்தது. உருண்டை அசையாமல் தொங்கியது. அலுத்துப்போய்க் குழலை முட்டுக்கட்டையில் படுக்க வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்து சும்மா ஒரு மூச்சு விட்டான். சுகமாக, தானாக, தொந்தி போல உப்பிக்கொண்டது. எல்லாக் கோப்பைக்கும் அதே கதைதான். நிமிர்த்திப் பிடித்தால் அடம். படுக்க வைத்தால் உடனே வேலை நடந்தது. "இப்படி ஒரு சோம்பேறிக் கண்ணாடிய நான் பாத்ததே இல்ல" என்று வாய்விட்டே சொன்னான்.

மறுநாள் காலையில் ஆறிய கோப்பைகளை அடுப்பிலிருந்து எடுத்தவன் வாசலுக்குக் கொண்டு ஓடினான். தண்ணீர் போலத் தெளிந்து வரவில்லை. பால் வெள்ளை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விடிகாலை மூடுபனி. அப்படி ஒரு வெள்ளையை ஆக்விலேயாவில் யாரும் பார்த்ததில்லை. தெருவே வாசலில் கூடிவிட்டது. ஒரே ஒரு குறை: எதுவும் நிற்கவில்லை. அடியைச் சப்பையாகத்தான் தட்டியிருந்தான். ஆனாலும் மேசையில் வைத்தவுடன் ஒவ்வொன்றும் மெதுவாக, அவசரமே இல்லாமல், ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

மொந்தானுஸ் ஓடி வந்து, குறை ஒன்றையும் கேட்காமல், கூடையில் வைக்கோல் போட்டுக் கோப்பைகளை அடுக்க ஆரம்பித்தார். கடைசிக் கோப்பையை அவர் எடுத்தபோது முர்ரானுஸ் பார்த்தான். அதன் அடியில் ஒரு நீலக் கோடு. மயில் கழுத்து நிறம்.

"நீலம் ஏது?" என்றான்.

"அழகா இருக்குடா, அதைக் கெடுக்காதே" என்று சொல்லி அதையும் எடுத்துக்கொண்டு மொந்தானுஸ் போய்விட்டார்.

முர்ரானுஸ் பலகையைப் பார்த்தான். ஒரு ஜாடி நிறையப் பொடியோடு, மூடி திறக்காமல், சிலந்தி வலையோடு இருந்தது. இன்னொரு ஜாடி அவன் கையால் கவிழ்க்கப்பட்டுக் காலியாக இருந்தது. வீட்டுப் பக்கம் தலையை நீட்டிக் கேட்டான்.

"ஏம்மா, தம்பி எங்க?"

"நேத்து சொன்னேனேய்யா, உலைக்கு மேல வச்சிருக்கேன்னு. நீயும் 'ம்'முன்னியே. சூடா இருக்கானா?"

இருந்தான். அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கட்டின மனைவியின் தம்பியை, அவள் இடுப்பிலிருந்து இறக்காத பிள்ளையை, உருக்கி, ஊதி, விருந்துக்குக் கொடுத்தாயிற்று. குழிக்குள் போகாத ஆள் அமைதியாகத் தூங்கமாட்டான் என்பது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? சால்வில்லாவுக்குத் தெரிந்தால் அவள் தொத்தல் கம்பியை எடுப்பாள். அதற்குக்கூட அவன் பயப்படவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கே போய்விட்டால்? அடுப்படிக்குப் போய், காலையில் எரிந்த திராட்சைக் கட்டையின் சாம்பலை அள்ளி ஜாடியில் நிரப்பி, மூடி வைத்தான். வெட்கம் கெட்ட வேலைதான். வேறு வழி தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் வரைக்கும் அவன் சொல்ல முயலாமல் இல்லை. வாயைத் திறப்பான், அவள் அந்த ஜாடியிடம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். "காலைல தொத்தல் சுட்டேண்டா, உனக்குன்னு கருக விட்டேன்" என்று திராட்சைக் கட்டையிடம் அவள் சொல்லும்போது அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அடக்கத்தன்று காற்று இல்லை, நல்ல வெயில். ஊருக்கு வெளியே, சாலையோரக் கல்லறைகளுக்கு நடுவில், சங்கத்துக் குழி தயாராக இருந்தது. முர்ரானுஸ்தான் ஜாடியைச் சுமந்து வந்தான். சால்வில்லா அதை வாங்கி முத்தமிட்டுக் குழியில் இறக்கினாள். மேலே மதுவை ஊற்றினாள். அழுத அழுகையில் பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்களும் சேர்ந்து அழுதார்கள். முர்ரானுஸும் அழுதான், அவனுடையது வேறு அழுகை.

பிறகு பாய் விரித்து விருந்து. முட்டை, பயறு, தொத்தல், மொந்தானுஸ் தண்ணீர் கலந்த மது. கூடையைத் திறந்து வெள்ளைக் கோப்பைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. நிரப்பிய கோப்பையைக் கீழே வைக்க முடியவில்லை. வைத்தால் படுத்துக்கொள்ளும், மது மண்ணுக்குப் போகும். கீழே வைக்க வேண்டுமென்றால் முழுக்கக் குடித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

"அட, இது விட்டாலியோவே சொல்ற மாதிரி இருக்கு!" என்றார் ரொட்டிக் கடைக்காரர். "குடிச்சு முடிக்காம எழுந்திருக்காதேன்னு எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கான்!"

முர்ரானுஸ் கையிலும் ஒரு கோப்பை திணிக்கப்பட்டது. வைக்கவும் முடியாது, விடவும் முடியாது. "மாப்ள, மன்னிச்சுக்கடா" என்று முணுமுணுத்து ஒரே மடக்கில் குடித்தான். மது அன்றைக்கென்று மிக நன்றாக இருந்தது. அது அவன் துக்கத்தை இன்னும் கூட்டியது.

கூட்டம் சூடுபிடித்தது. ஒவ்வொருவரும் செத்தவனைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள், சிரித்தார்கள், கோப்பையை நிரப்பச் சொன்னார்கள். முர்ரானுஸ் ஒரு தொத்தலை வாயில் போட்டபோது பக்கத்தில் சிரிப்பு நின்றது. சால்வில்லா தன் கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டின் மேல் அவளுடைய விரல் மெல்ல நகர்ந்தது.

"இந்த நீலம் ஊருல ஒரே ஒரு துண்டுதானேய்யா இருந்துச்சு?"

வாய் நிறையத் தொத்தல். "ம்."

"அதை நான் தம்பியோட வச்சேன்."

"ம்."

அவள் மற்றவர்கள் கையிலிருந்த வெள்ளைக் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். படுத்துக் கிடந்தவற்றை அதிக நேரம் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள்.

"அப்ப அதுல இருக்கறது யாரு?"

அவன் தொத்தலை விழுங்கினான். இந்த முறை காற்றும் இல்லை, கறியும் இல்லை, வாய் காலி. "திராட்சைக் கட்டை" என்றான்.

"திராட்சைக் கட்டைக்கா நான் இந்த அழுகை அழுதேன்?"

"பொடின்னு நெனச்சுட்டேன். பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி ஜாடி. நீ சொன்னது என் காதுல ஏறல. என்னை என்ன வேணா பண்ணு. போயிடாதே."

முர்ரானுஸ் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. சால்வில்லா அவனையே பார்த்தாள். அவளுடைய உதடு கோணியது. அழப்போகிறாள் என்று அவன் நினைத்தான். அந்தச் சமயத்தில் எதிரே மொந்தானுஸின் கோப்பை நழுவி அவர் தொடையில் படுத்து, மதுவை அங்கியில் கொட்டி, சுகமாக ஒரு புரள் புரண்டது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் ஓட ஓட. எது சிரிப்பு எது அழுகை என்று பக்கத்திலிருந்த அவனுக்கே தெரியவில்லை.

பிறகு எழுந்து நின்றாள்.

"அண்ணே, எல்லாரும் கேளுங்க. சாவு விருந்துல குடிச்ச பாத்திரம் வீடு திரும்பக் கூடாது. வழக்கம் தெரியுமில்ல? குழியில போட்டு உடைங்க."

மொந்தானுஸ் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அது மண் பாத்திரத்துக்குத்தாம்மா! இது மாதிரிக் கண்ணாடி சீமையில கிடையாது. சங்கத்துச் சொத்து இது. என் வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன்."

"வச்சுக்கங்கண்ணே" என்றாள் சால்வில்லா. "ஆனா என் தம்பி அதைத் தேடிக்கிட்டு வருவான். உங்க வீட்டு அடுப்புப் பக்கத்துல ஒரு பலகை இருக்கில்ல? அங்க வந்து படுத்துக்குவான்."

பேய் என்றால் எங்கள் ஊரில் பயம் உண்டு, ஆனால் பேயைத் துரத்த வழியும் உண்டு. விட்டாலியோ வந்து படுத்துக்கொண்டால் கிளப்ப ஒரு வழியும் கிடையாது என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். மொந்தானுஸ் முதல் ஆளாக எழுந்து போய்க் கோப்பையைக் குழியில் ஓங்கி அடித்தார். மற்றவர்களும் வரிசையாக வந்து போட்டார்கள். திராட்சைக் கட்டையின் மேல் விட்டாலியோ வெள்ளை வெள்ளையாக நொறுங்கி விழுந்தான். யாரும் காரணம் கேட்கவில்லை. நாங்கள் எதைப் பிடித்துக் குடித்தோம் என்பது ரொம்ப காலம் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது ரொட்டிக் கடைக்காரர் மட்டும் ஒரு மாதம் தண்ணீரைக் கைகளால் அள்ளிக் குடித்தார்.

கடைசியாகச் சால்வில்லா தன் நீலக் கோப்பையை ஓங்கினாள். குழிக்குத்தான் எறிந்தாள். அது விளிம்பில் பட்டு, எகிறி, புல்லில் விழுந்து, மெதுவாக உருண்டு சாய்ந்து படுத்தது. எடுத்து மறுபடியும் எறிந்தாள். கல்லிலேயே பட்டது. "டிங்" என்றது. கீறல்கூட விழாமல் உருண்டு வந்து முர்ரானுஸின் காலடியில் படுத்துக்கொண்டது.

மொந்தானுஸின் கண் மின்னியது. "உடையலைன்னா சங்கத்துக்கு..."

"இது எங்க வீட்டுக்கு" என்றாள் சால்வில்லா.

"நீதானேம்மா வழக்கம்னு..."

"போகமாட்டேங்கறான்னா நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். முர்ரானுஸ் குனிந்து கோப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

அதன் பிறகு பல ஊர்களிலிருந்து வியாபாரிகள் வந்து அந்த வெள்ளையைக் கேட்டார்கள். அவனும் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தான், முட்டை ஓடு போட்டுப் பார்த்தான், கிளிஞ்சல் போட்டுப் பார்த்தான். பச்சைதான் வந்தது. உள்ளே என்ன போட்டாய் என்று அவர்கள் நச்சரிக்கும்போது சால்வில்லா வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள்: "அந்தச் சரக்கு தீந்துபோச்சுங்க. எங்க வீட்டுல ஒண்ணுதான் இருந்துச்சு." முர்ரானுஸ் திரும்பவும் ஜாடிக்கே போய்விட்டான். ஆனால் ஒரு மாற்றம்: சால்வில்லா பட்டறைக்குள் நுழைந்தால் குழலை வாயிலிருந்து எடுத்துவிடுவான். உருண்டை சுருங்கினால் சுருங்கட்டும் என்பான். அந்த வருடம் விற்ற ஜாடிகளில் பாதி கோணலாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

சாப்பாட்டு வேளையில் சால்வில்லா நீலக் கோப்பையில் மதுவை ஊற்றி, தம்பியின் வழக்கமான இடத்துக்கு முன்னால் வைக்கப் பார்ப்பாள். அது நிற்காது. ஊற்றிவிட்டால் யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் அவள் பிடித்துக்கொண்டாள்; அவளுக்குப் பரிமாற வேண்டியிருந்தது. முர்ரானுஸ் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து இடது கையில் மச்சினன், வலது கையில் சாப்பாடு.

ஒரு நாள் அவள் கூழை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அவனைப் பார்த்தாள்.

"தெனமும் தாங்கிப் பிடிக்கறது கஷ்டமா இல்லையாய்யா? ஊத்தாம விட்டுடட்டுமா?"

அவன் வாயில் காற்றும் இல்லை, கறியும் இல்லை. கோப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான்.

"இருக்கட்டும்" என்றான்.

அவள் தொத்தல் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். நன்றாகக் கருக விட்ட தொத்தல்.